பொய்ப் புகாருக்கு விலை ஆயிரம் ரூபாயா?

“உன்னை உள்ளே தள்ளாம விட்டேனா பார்!”

வாடகைத் தகராறு, சீட்டுப் பணம், தண்ணீர்க் குழாய்ச் சண்டை, எதுவானாலும் கடைசியில் வந்து விழுகிற வசனம் இதுதான். பலர் வாயோடு விட்டுவிடுவார்கள். சிலர் நேரே ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறார்கள். “கத்தியைக் காட்டி மிரட்டினான், சங்கிலியை அறுத்தான்” என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

தூக்கம் போவது எதிர்வீட்டுக்காரருக்கு!

எழுதிக் கொடுத்தவர் ஒன்றை மறந்துவிடுகிறார். அந்தத் தாளின் அடியில் இருப்பது அவருடைய கையெழுத்து. அது பொய் என்று தெரிந்தால், அதே தாள் அவருக்கு எதிரான சாட்சி.

சட்டம் சும்மா இல்லை

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. பழைய 182-வது பிரிவு இதில் 217. பொய் என்று தெரிந்தே தகவல் கொடுத்து, போலீசை ஒருவர் மேல் ஏவிவிட்டால் இந்தப் பிரிவு பாயும். முன்பு 6 மாதம் ஜெயில் அல்லது ரூ.1,000 அபராதம், அல்லது இரண்டும். இப்போது 1 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதைவிடப் பெரியது பழைய 211, இப்போது 248. ஒருவரைக் கெடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, நியாயமான காரணம் இல்லை என்று தெரிந்தே குற்றம் சுமத்தினால் 5 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சுமத்திய குற்றம் தூக்கு, ஆயுள் அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ளது என்றால், பொய் சொன்னவருக்கே 10 ஆண்டு வரை போகும்.

வசூல் பணத்தைக் கையாடிவிட்டு, “கண்ணில் மிளகாய்ப்பொடி தூவிப் பறித்துக்கொண்டார்கள்” என்று நாடகம் ஆடுகிறவர்கள் உண்டு. “நான் யார் பேரையும் சொல்லலையே சார்” என்று தப்ப முடியாது. இல்லாத திருடனைத் தேடி போலீசை அலைய வைத்ததும் 217-ல் வரும். கையாடலுக்குத் தனி வழக்கு!

அலைந்தவர் கதி?

பொய்ப் புகாரில் சிக்கியவரைப் பாருங்கள். கடைக்காரர் என்றால் கடையைப் பூட்டிவிட்டு ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும். குமாஸ்தா என்றால் லீவு போட வேண்டும். ஜாமீனுக்கு ஆள் தேட வேண்டும், வக்கீலுக்குப் பணம் புரட்ட வேண்டும். பாஸ்போர்ட் கேட்டால், போலீஸ் விசாரணையில் அந்த வழக்கு தலைகாட்டும். பெண் பார்க்க வந்தவர்கள் காதிலும் விழும்.

பல மாதம் கழித்து ஒரு நாள், “மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்” என்று எழுதி ஃபைலை மூடுவார்கள். அவ்வளவுதான். பொய் சொன்னவர் அதே தெருவில் மீசையை முறுக்கிக்கொண்டு நடப்பார்.

ஏன் இப்படி? 217-வது பிரிவில் பாதிக்கப்பட்டவர் தானாகவே வழக்குப் போட முடியாது. பொய்த் தகவலை வாங்கிய அதிகாரியோ, அவருக்கு மேலதிகாரியோதான் கோர்ட்டில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். அவர்களோ, “தலைவலி தீர்ந்தது” என்று அடுத்த ஃபைலுக்குப் போய்விடுகிறார்கள். இதற்குக் கெடுவும் உண்டு. ஓராண்டுத் தண்டனைக் குற்றம் என்பதால், கோர்ட்டு அதைக் கையில் எடுக்கப் பொதுவாக ஓராண்டுதான். ஃபைல் தூங்கினால், பொய்யும் தப்பிவிடும்.

சரி, நஷ்ட ஈடு? மாஜிஸ்திரேட்டு விசாரித்து, காரணமே இல்லாத குற்றச்சாட்டு என்று விடுதலை செய்தால், புகார் கொடுத்தவரிடம் விளக்கம் கேட்டு, நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லலாம். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டு என்றால் ரூ.50 ஆயிரம் வரை விதிக்கலாம். ஆனால் போதிய காரணம் இல்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்ததற்கு இன்னொரு பிரிவு இருக்கிறது. அதில் உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? ரூ.1,000!

அதுவும் அவர் இழந்த நேரத்துக்கும் செலவுக்குமாம். ஒரு நாள் கடை அடைப்புக்குக் காணுமா அது?

பயம் வேண்டாம்

இதைப் படித்துவிட்டு, நிஜமாகப் பாதிக்கப்பட்டவர்கள் பின்வாங்கிவிடக் கூடாது. இதுதான் முக்கியம்.

நிரூபிக்க முடியாத புகார் வேறு, பொய்ப் புகார் வேறு. சாட்சி வராமல் போகலாம். இருட்டில் ஆள் அடையாளம் தவறலாம். சந்தேகத்தின் பலனில் எதிரி விடுதலை ஆகலாம். அதற்கெல்லாம் புகார் கொடுத்தவரை ஜெயிலில் போட முடியாது. “பொய் என்று தெரிந்தே சொன்னார்” என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். அடிவாங்கிய மனைவியோ, கூலி கேட்டதற்கு உதைபட்ட தொழிலாளியோ வந்து நின்றால், “பொய்யா இருந்தா நீ உள்ளே போவே, யோசிச்சுக்கோ” என்று மிரட்டித் திருப்பி அனுப்புவதற்கு இந்தப் பிரிவு இல்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு லலிதா குமாரி வழக்கில் சொல்லியிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலும் புகார் கொடுத்தவருக்கு இலவசம்.

எனவே புகார் எழுதும்போது பார்த்ததைப் பார்த்தேன் என்று எழுதுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டேன் என்று எழுதுங்கள். சந்தேகத்தைச் சந்தேகம் என்றே எழுதுங்கள். “கேஸ் பலமா நிக்கணும், ஒரு கத்தியும் சேர்த்துக்கோ” என்று பக்கத்தில் நின்று யோசனை சொல்கிறவரை நம்பாதீர்கள். கையெழுத்து அவருடையது அல்ல, உங்களுடையது.

செய்ய வேண்டியது இரண்டு. புகாரை மூடும்போது, இது தவறுதலா, தெரிந்தே சொன்ன பொய்யா என்று அதிகாரி ஃபைலில் எழுத வேண்டும். பொய் என்றால் கெடு முடிவதற்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அடுத்து, அந்த ஆயிரம் ரூபாய் வரம்பை அரசு உயர்த்த வேண்டும்.

ஒரு குடும்பத்தின் மானத்துக்கு ஆயிரம் ரூபாய் என்றால், அது நஷ்ட ஈடு அல்ல. பொய் சொல்கிறவனுக்குச் சலுகை விலை!