பாதியாகக் குறைந்தது எது?

நம் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 2023 ஜூலையில் 7.44 விழுக்காடாக இருந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அது 3.6 விழுக்காடாயிற்று. பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்ற செய்தியைப் படித்துவிட்டுக் காய்கறிக் கடைக்குச் சென்றவர்கள், தாங்கள் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணியிருப்பார்கள். செய்தியில் பிழையில்லை. குறைந்தது விலையன்று, விலை ஏறும் வேகம்.

நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணையே நேராகப் பார்த்தால் இது விளங்கும். 2012ஆம் ஆண்டின் விலைகளை 100 எனக் கொண்டு கணக்கிடப்பட்ட அந்த எண், 2022 ஜூலையில் 173.4, 2023 ஜூலையில் 186.3, 2024 ஜூலையில் 193. இரண்டே ஆண்டுகளில் 11 விழுக்காட்டுக்கும் மேலான ஏற்றம். தக்காளி விலை எகிறிக் கிடந்த ஒரு ஜூலையோடு ஒப்பிட்டதாலும் அடுத்த ஆண்டின் உயர்வு சிறியதாகத் தோன்றிற்று.

நான்கு விழுக்காட்டை இலக்காகக் கொண்டு செயற்படும் ரிசர்வ் வங்கிக்கு வேகத்தைக் கண்காணிப்பதே பணி. வட்டியை நம்பி வாழ்பவருக்கோ விலை எங்கே வந்து நிற்கிறது என்பதே கேள்வி. 2022 ஜூலையில் பத்து இலட்ச ரூபாயை ஆறு விழுக்காடு வட்டிக்கு ஓராண்டு வைப்பாக இட்டதாகக் கொள்வோம். ஆண்டு முடிவில் கையில் வருவது, வரிக்கு முன், 10,60,000 ரூபாய். தொடக்கத்தில் பத்து இலட்சத்துக்குக் கிடைத்த பொருள்களை வாங்க அப்போது தேவைப்பட்டதோ 10,74,400. குறைந்துபோன அந்த 14,400 ரூபாய், மறு ஆண்டு விகிதம் இறங்கியதாலேயே திரும்பிவிடாது. பின்வரும் வட்டி விலையேற்றத்தை விஞ்சினால் மெல்ல ஈடாகலாம். வட்டி முழுவதையும் செலவிட்டு வாழும் முதியவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இந்த விகிதம் ஒரு சராசரி என்பதையும் மறத்தலாகாது. மேற்கண்ட குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் சேர்த்து 45.86 விழுக்காடு எடை, மருத்துவத்துக்கு 5.89 மட்டுமே. ஓய்வூதியத்தில் காற்பங்கை மருந்துக் கடையில் கொடுத்துவிட்டு வருபவரின் பணவீக்கம் எந்த அறிக்கையிலும் வெளியாவதில்லை. (சராசரிக் குடும்பம் எந்தத் தெருவில் குடியிருக்கிறதோ, நாம் கண்டதில்லை.)

மாதந்தோறும் விகிதத்தைப் பெரிய எழுத்தில் அச்சிடும் நாளேடுகள், குறியீட்டெண்ணையும் அதன் இரண்டாண்டு மாற்றத்தையும் அருகிலேயே தரவேண்டும் என்பது என் கருத்து. வங்கிக் கிளைகளில் வைப்பு வட்டி விகிதங்களை எழுதி வைத்திருக்கும் பலகையில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம். இடம் இருக்கிறது.