ஒரு காரும் சில சறுக்குகளும்

நந்தனம் என்றதும் இலக்கிய வாசகர்களுக்கு நினைவில் எழுவது ஒய்.எம்.சி.ஏ. மைதானமும் அங்கே அண்மை ஆண்டுகளில் நடந்துவரும் புத்தகக் காட்சியும்தான். இரு கைகளிலும் பைகளைச் சுமந்தபடி அங்கிருந்து உள்தெருக்கள் வழியாக நடந்து திரும்பியவர்கள், நான் சொல்ல வருவதைத் தங்கள் கால்களால் ஏற்கெனவே அறிந்திருப்பார்கள். நடைபாதை என்று பெயர் பெற்ற அந்த வஸ்து சில அடிகளுக்கு ஒருமுறை சரியும், எழும், மறுபடி சரியும். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு சிமெண்ட் சறுக்கு. மழையில் வழுக்கும், இருட்டில் இடறும். ஆகவே எல்லோரும் சாலையில் இறங்கியே நடக்கிறோம்.

எங்கள் தெருவில் ஒருவர் மிகத் தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அது வீட்டை விட்டு வெளியேறும் காட்சிக்கு நிரந்தரப் பார்வையாளர்கள் உண்டு. காவலாளி முதலில் இரண்டு மரப்பலகைகளைக் கொண்டுவந்து சறுக்கின் அடியில் போடுவார். பிறகு குனிந்து, காரின் மூக்குக்கும் சிமெண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தபடி, "லெஃப்ட்ல ஒடிங்க சார், இன்னும் கொஞ்சம், போதும் போதும், மெதுவா" என்பார். கார் கோணலாக ஊர்ந்து இறங்கும். சில நாட்களில் அதையும் மீறி அடிவயிற்றில் 'கர்ர்ர்' என்று ஓர் ஓசை எழும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் சொந்த வாசலைத் தாண்ட முடியவில்லையே என்று தேநீர்க் கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு தவறானது என்றே இப்போது எண்ணுகிறேன்.

இந்த உரசலில் மர்மம் ஏதுமில்லை, பள்ளிக்கூடக் கணிதம்தான். முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு ஒரு மீட்டர் முன்னால் காரின் மூக்கு நீண்டிருக்கிறது, அதன் விளிம்பு தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். அந்தக் கார் உரசாமல் அணுகக்கூடிய சரிவு சுமார் 7 பாகை. ஒரு மீட்டர் நீளத்தில் 15 செ.மீ. ஏறும் சறுக்கின் சரிவோ எட்டரை பாகை. நேராகப் போனால் உரசும். 45 பாகை கோணலாகத் திரும்பி ஏறினால் அதே 15 செ.மீ. உயரத்துக்கு நீண்ட பாதை கிடைக்கிறது, சரிவு 6 பாகையாகக் குறைகிறது, தப்பிவிடலாம். சக்கரங்கள் ஒவ்வொன்றாக ஏறுவது கூடுதல் லாபம். பலகை வைப்பதும் சறுக்கை நீட்டுகிற உபாயமே. இறங்கும்போது திடீரென்று பிரேக்கை அழுத்தக் கூடாது, ஏனெனில் அப்போது காரின் மூக்கு இன்னும் தாழும்.

அடுத்தது வயிற்றின் கணக்கு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர், நடுவில் தரைக்கு மேல் 12 செ.மீ. என்றால், மேட்டின் உச்சியில் இரு பக்கச் சரிவுகளும் சேர்ந்து ஏறக்குறைய 11 பாகைக்கு மேல் போகக் கூடாது. போனால் முன்சக்கரங்கள் தாண்டிய பிறகு வயிறு தட்டும்.

கார் செய்பவர்களும் இதை அறிவார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் முன்பகுதி சுமார் 4 செ.மீ. உயர்கிற ஏற்பாடு போர்ஷே, லம்போர்கினி போன்ற கார்களில் உண்டு. சில போர்ஷே 911 கார்கள், மூக்கை உயர்த்திய இடத்தைச் செயற்கைக்கோள் உதவியால் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கே வந்ததும் தாமாகவே உயர்ந்துகொள்ளும். எந்த வாசல் கொடியது என்பது அந்தக் காருக்கு நினைவிருக்கிறது. அந்த வாசலைக் கட்டிய நாம்தான் மறந்துபோனோம்.

நாம் என்று சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. எங்கள் அடுக்ககத்தின் சறுக்கைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், நந்தனம் பகுதிகள் பட்ட பாட்டை இங்கிருப்பவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் கீழ்த்தளத்தில் நுழைந்த தண்ணீர் எனது இரண்டு அலமாரிப் புத்தகங்களைக் கூழாக்கிவிட்டுப் போயிற்று. அடுத்த கோடையில் வாசலை உயர்த்துவது என்று குடியிருப்போர் கூடித் தீர்மானித்தோம். நானும் கை தூக்கினேன். தெருவிலிருந்து 45 செ.மீ. உயரம். அதை ஏறுவதற்கான சறுக்கை வளாகத்துக்குள் வைத்தால் வண்டி நிறுத்தும் இடம் குறையும். எனவே வெளியே, நடைபாதையின் 1.8 மீட்டர் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டோம். நான்குக்கு ஒன்று, அதாவது 14 பாகை. யாரிடமும் கேட்கவில்லை. தெருவில் எல்லோரும் அதைத்தான் செய்திருந்தார்கள்.

ஆற்றின் மீது மட்டும் பழி போடுவதும் நியாயமல்ல. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய அடுக்கைப் போடுவது நெடுங்கால வழக்கம். ஓர் அடுக்கு 4 செ.மீ. என்றாலும் ஐந்து முறையில் சாலை 20 செ.மீ. உயர்ந்துவிடும். வீடு பள்ளத்தில் விழும். வீட்டுக்காரர் வாசலை உயர்த்துவார், சறுக்கு செங்குத்தாகும். அடுத்து மழைநீர் வடிகால் வரும். அதன் மூடி வேறோர் உயரத்தில் நிற்கும். சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போடவேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். நல்ல அறிவுறுத்தல், ஆனால் அதற்குமுன் ஏறிய உயரம் பல தெருக்களில் அப்படியே இருக்கிறது.

சென்ற ஆண்டு என் அம்மா இடுப்பெலும்பு அறுவைக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கினார். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை நடந்து பழகும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். முதல் நாள் எங்கள் வாசல் சறுக்கின் உச்சியிலேயே நின்றுவிட்டார். வாக்கரின் முன்கால்கள் கீழே, பின்கால்கள் மேலே. "இதை யாருடா இப்படிக் கட்டினா?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. அவரை உள்ளே அழைத்துவந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக் கார் உரசிய ஓசை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் காரும் என் அம்மாவின் வாக்கரும் ஒரே கட்சி. இரண்டுக்கும் மெல்லிய சரிவு வேண்டும், வளைந்த உச்சி வேண்டும். நடுத்தர உயரமுள்ள நம் கார்கள் 16 அல்லது 18 செ.மீ. இடைவெளியுடன் தாவிப் போய்விடுவதால், சறுக்கின் குற்றம் நமக்குத் தெரிவதே இல்லை. உரசும் கார் அந்தக் குற்றத்தை உரக்கச் சொல்கிறது. விழுகிற கிழவியின் குரல் அவ்வளவு தூரம் கேட்பதில்லை.

இந்தியச் சாலைகள் பேரவை நடைபாதைக்குக் கேட்பது குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம்; விளிம்புக்கல் 15 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. சக்கர நாற்காலி ஏறும் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. தடையற்ற நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடின. தரையை ஒட்டிப் பறக்கும் அந்த வண்டிகளுக்காக இதே ஊரில் சாலையைச் சமமாக்க முடிந்தது. ஆக, வித்தை தெரியாதவர்கள் அல்லர் நாம்.

தண்ணீர் பற்றிய அச்சம் பொய்யல்ல என்பதால், சறுக்கை இடித்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மேடு இருக்கட்டும், உள்ளே இருக்கட்டும். மரமும் மின்கம்பமும் நிற்கும் ஒரு மீட்டர் பட்டையில் 10 செ.மீ. மட்டும் ஏறினால் சரிவு 6 பாகைக்குள். அதன்பின் நடைபாதை சமதளமாகத் தொடரட்டும். எங்கள் வாசலில் மீதி 35 செ.மீ. ஏற, பன்னிரண்டுக்கு ஒன்று வீதம் வளாகத்துக்குள் 4.2 மீட்டர் வேண்டும். உச்சியைக் கடந்து அதே சரிவில் உள்ளே இறங்கினால் இரண்டும் சேர்ந்து பத்து பாகைக்குள்தான். வெள்ளமும் நுழையாது, எந்தக் காரின் வயிறும் தட்டாது. இழப்பு, சில ஸ்கூட்டர்கள் நிற்கும் இடமும் என் செம்பருத்திச் செடியும்.

இக்கணக்கைத் தாளில் எழுதி அடுக்ககக் கூட்டத்தில் வைத்தேன். "நாம் மட்டும் ஏன் சார்? முதலில் மற்றவர்கள் செய்யட்டும்" என்றார்கள். 2016-இல் நானும் அதே நியாயத்தைத்தான் சொல்லிக் கை தூக்கினேன் என்பதால் கோபப்பட முடியவில்லை. அடுத்த மாதம் மறுபடி கேட்கப்போகிறேன். எதிர்வீட்டுக்காரரையும் அழைத்திருக்கிறேன், ஒரே கட்சிக்காரர் அல்லவா.

இதை வாசிப்பவர்கள் தங்கள் வாசலில் ஓர் அளவுநாடாவைப் பிடித்துப் பார்க்கலாம். உயரம் எவ்வளவு, நீளம் எவ்வளவு, அந்த நீளம் யாருடைய இடத்தில் கிடக்கிறது. மூன்றாவது கேள்விக்கு நாடா தேவைப்படாது.