எண் பூட்டை நம்பலாமா?

குடும்பத்தோடு ஏற்காடு போகிறீர்கள். விடுதி அறையில் பெட்டியை வைத்துவிட்டு, ஏரியில் படகு விடக் கிளம்புகிறீர்கள். பெட்டியில் தொங்குவது சின்ன எண் பூட்டு. சாவி தொலையும் கவலை இல்லை. ஆனால் திருட்டுக் கவலை?

கணக்குப் பாருங்கள்

பூட்டில் 3 சக்கரங்கள். 000 முதல் 999 வரை மொத்தம் 1,000 எண்கள். எண்ணுக்கு 2 வினாடி என்றால், எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்க 34 நிமிடம் போதும்!

மலிவுப் பூட்டுக்கு அதுகூட வேண்டாம். அதன் பாகங்கள் இறுகப் பொருந்தியிருப்பதில்லை. வளையத்தை இழுத்துப் பிடித்துச் சக்கரத்தைத் திருப்பினால், சரியான எண் கைக்கே தெரிந்துவிடும். விலையைக் குறைக்க, பித்தளைக்குப் பதிலாகத் துத்தநாகக் கலவையில் பலர் பூட்டு வார்க்கிறார்கள். உறுதியும் குறைகிறது.

திண்டுக்கல் பூட்டு

திண்டுக்கல்லில் கையால் செய்யும் பூட்டு அப்படி அல்ல. உள்ளே இருக்கும் தகடுகள் ஒவ்வொன்றையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் திறக்கும். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் விலை மலிந்த பூட்டுகளின் போட்டியால் அந்தத் தொழிலே நலிந்து கிடக்கிறது. மலிவைத் தேடியது நாம்தானே!

துணிமணிக்கு எண் பூட்டு போதும். நகையும் பணமும் உங்கள் கையோடு இருக்கட்டும். வீட்டு வாசலுக்கு நல்ல சாவிப் பூட்டே காவல்.