வயிற்றுத் தீயின் கணக்கு

மணிமேகலைக் காப்பியத்திலே காயசண்டிகை என்பாளைப் பற்றிய அடங்காப் பசிநோய்க்கு யானைத்தீ என்று பெயர். பசியைத் தீ என்றே வழங்கினர் நம் முன்னோர். பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டு விஞ்ஞானியாகிய இலவோசியர், உயிர்கள் மூச்சுவிடுதலும் ஒருவகை எரிதலே என்பதனைப் பரிசோதனையாற் காட்டினார். அத்தீ நாளொன்றுக்கு எத்துணை எரிகின்றது என்பதனை அளக்கும் அலகே கலோரி. விஞ்ஞானத்தையும் தமிழையும் ஒருங்கே கற்பித்த விபுலாநந்த அடிகளார் பிறந்த நாட்டிலே, தமிழாசிரியராகிய யாம் இக்கணக்கினுட் புகுதல் தவறாகாது.

கணக்கு எளிதே. ஒருவர் நாள் முழுதும் அசையாது கிடப்பினும், நெஞ்சு துடித்தற்கும் மூச்சு இயங்குதற்கும் எரிபொருள் வேண்டும். உலக சுகாதார தாபனமும் உணவு விவசாய தாபனமும் பிறரும் 1985 இல் வெளியிட்ட வாய்பாட்டின்படி, 30 முதல் 60 வயது வரையுள்ள ஆடவர் தம் நிறையைக் கிலோகிராமிற் கொண்டு 11.6 ஆற் பெருக்கி 879 ஐக் கூட்டுக, பெண்டிர் 8.7 ஆற் பெருக்கி 829 ஐக் கூட்டுக. 60 கிலோ நிறையுள்ள ஆடவர்க்கு 1575 கலோரியும், 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு 1264 கலோரியும் வரும். இத்தொகையைத் தொழிலுக்கேற்பப் பெருக்குதல் வேண்டும்: அமர்ந்து செய்யும் தொழிலுக்கு ஏறத்தாழ 1.5, கடும் உழைப்புக்கு 2 முதல் 2.4 வரை.

இனி, நம் வாவியின் இரு கரைகளையும் நோக்குவோம். எழுவான்கரையிலே கதிரையில் அமர்ந்து பணிபுரியும் 60 கிலோ ஆசிரியர்க்கு 2360 கலோரி போதும். படுவான்கரை வட்டையிலே மண்வெட்டி பிடித்து வரம்பு கட்டும் அதே நிறையினர்க்கு 3300 வேண்டும். இவ்வேற்றுமை கால் கிலோ அரிசிக்கும் மேற்பட்டது. வெள்ளாமையிற் களை பிடுங்கி, விறகு சுமந்து, நீர் அள்ளி, அடுப்படியிலும் நிற்கும் 50 கிலோ பெண்ணுக்கோ 2500 கலோரிக்கு மேல் வேண்டும். அமர்ந்திருக்கும் ஆசிரியரினும் அவளுக்கே உணவு மிகுதியாக வேண்டும் என்பது கணக்கின் முடிவு. ஆயின், நம் வீடுகளிற் கடைசியாக உண்பவள் அவளே. பானையடியில் எஞ்சுவதே அவள் பங்கு. இதனை வழக்கம் என்கின்றோம். கணக்கோ அநீதி என்கின்றது.

நமது நாட்டின் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம், 2002 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பைக் கொண்டு வறுமைக் கோட்டை வகுத்தபோது, ஆளுக்கு நாளொன்றுக்கு 2030 கலோரியை அடிப்படையாகக் கொண்டது. குழந்தைகளும் முதியோரும் அடங்கிய சராசரியாதலின் அது பிழையன்று. அச்சராசரியையே வயலில் நிற்போர் தட்டுக்கும் அளவாகக் கொள்வதே பிழை. உணவு நிவாரணம் பங்கிடுவோர் தலைகளை மட்டும் எண்ணாது, உழைப்பையும் எண்ணுதல் வேண்டும் என்பது எமது துணிபு.

மறுபுறத்தையும் மறைத்தல் கூடாது. அறுவடை இயந்திரம் வந்தது, தாக்கத்தி ஓய்ந்தது. மோட்டார் சைக்கிள் வந்தது, நடை ஓய்ந்தது. ஆயினும், பாட்டன் உண்ட சோற்றின் அளவைப் பேரன் கைவிட்டானல்லன். உழைப்புச் சுருங்கியும் சோறு சுருங்காமை நீரிழிவுக்குத் திறந்து வைத்த வாயில்களுள் ஒன்று. நம் ஆசிரியரும் அலுவலரும் இதனைச் சிந்திப்பாராக.

எவ்வாய்பாடும் மதிப்பீடே என்பதனை மாணவர் மறத்தலாகாது. ஒரே நிறையுள்ள இருவரிடத்தும் தீ ஒரே அளவாய் எரிவதில்லை. இக்காலத்துக் கைக்கடிகாரங்கள் காட்டும் எண்ணும் அனுமானமே. மாதந்தோறும் நிறையைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்வதே அறிவுடைமை.

அமுதசுரபி ஏந்திய மணிமேகலை பசித்தோரை நோக்கியே உணவிட்டாள். விழா முடிந்து வீடு திரும்பும் அன்பர்கள், இன்றிரவு தம் இல்லத்தில் மிகுதியாக உழைத்தவர் யாவர் என வினவி, முதற்சோற்றை அவர்க்கு இடுவாராயின், யாம் இங்கு எழுதியது பயனுடைத்தாகும்.