கோப்பை அழிக்கும் முன்

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஒரு கோப்பு முடிந்ததும் அதன் ஆயுளும் குறிக்கப்படும். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். சென்னை மாகாண காலத்தில் வந்த டாட்டன்ஹாம் என்ற அலுவலக நடைமுறையின் தொடர்ச்சி இது. எதற்கு எந்தக் குறி என்பதில் கையேடு சொல்வது ஒரு பங்குதான். மிச்சம் கண்காணிப்பாளரின் அனுபவத்தில் இருக்கிறது. பட்டா மாறுதல் மனுவுக்குள் வாரிசுத் தகராறு ஒளிந்திருப்பதை அவர் கண் பிடித்துவிடும். அவர் ஓய்வு பெற்றால் அந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது.

இப்படிப்பட்ட அறிவை விதிகளாக எழுதிக் கணினியில் ஏற்றுவதே வல்லுநர் அமைப்பு. 1970களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின் என்ற வல்லுநர் அமைப்பு, தொற்று நோய் மருத்துவர்களின் அறிவை நூற்றுக்கணக்கான விதிகளாக வைத்திருந்தது. ஏன் இந்த முடிவு என்று கேட்டால், எந்த விதியால் வந்தது என்று காட்டியது. எனக்கு இதுதான் முக்கியம். இன்றைய கற்கும் இயந்திரங்கள் வேகமானவை, ஆனால் எந்த விதியால் முடிவு வந்தது என்று இப்படிக் காட்டுவதில்லை. வரும் தபாலைப் பிரிவுவாரியாகப் பிரிக்க அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் கோப்பை அழிப்பது வேறு விஷயம். ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டுப் பராமரிக்க வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஓய்வூதியத்துக்காகப் பழைய ஆணையைத் தேடி வருபவரிடம், கணினி கழித்துவிட்டது என்று சொல்வது பதிலாகாது. எந்த விதிப்படி, யார் ஒப்புதலோடு என்று காட்டியாக வேண்டும். ஆகவே அழிப்புக்கு விதிகளே இருக்கட்டும், கடைசிக் கையெழுத்து மனிதருடையதாக இருக்கட்டும். அந்த விதிகளை எழுத, ஓய்வு பெறப்போகும் கண்காணிப்பாளர்களை இப்போதே உட்கார வைக்க வேண்டும்.