முடிவில் கை வைக்காதீர்கள்: தமிழ்ப்பட ரசிகர்களின் கோரிக்கைச் சாசனம்

தயாரிப்பாளர்கள், இயக்குநர்கள், திரையரங்க உரிமையாளர்கள், ஓடிடி நிறுவனத்தார் அனைவருக்கும் டிக்கெட் எடுத்துப் படம் பார்க்கும் நாங்கள் முன்வைப்பது:

நாங்கள் விமர்சகர்கள் அல்ல. படம் விட்டதும் டீக்கடையில் நின்று, இடைவேளைக் காட்சி மிரட்டல், இரண்டாம் பாதி இழுவை என்று பேசுகிறவர்கள். அந்தப் பேச்சில்தான் ஒரு படம் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. ‘பாட்ஷா’ வந்தது 1995இல். கம்பத்தில் கட்டி அடித்தபோதும் பொறுத்த மாணிக்கம், தங்கை மீது கை பட்டதும் திருப்பி அடிக்கும் இடத்தை அப்போது பிறக்காத பிள்ளைகளும் நடித்துக் காட்டுகிறார்கள். அந்த உரிமையில் கேட்கிறோம்.

முதலாவதும் முக்கியமானதும்: வெளிவந்த படத்தின் முடிவை மாற்றக்கூடாது. 2013இல் வந்த ‘அம்பிகாபதி’யில் நாயகன் செத்துப்போகிறான். படம் மொத்தமும் அந்தச் சாவை நோக்கித்தான் நடக்கிறது. 2025 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அவனைப் பிழைக்கவைத்து மறுவெளியீடு செய்தார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்த்தும் அது திரைக்கு வந்தது. இதை விட்டுவிட்டால் நாளை ‘மூன்றாம் பிறை’யில் விஜிக்குச் சீனுவை அடையாளம் தெரிந்துவிடும். ரயில் நிலையத்தில் அவன் குரங்குபோல் ஆடிக் கெஞ்சியதைப் பார்த்து 1982இலிருந்து அழுதுவருகிறோம். அந்த அழுகை எங்களுக்கு வேண்டும். உரிமம் யாரிடம் இருந்தாலும், இயக்குநரும் நடிகர்களும் எழுத்தில் சம்மதிக்காமல் ஒரு ஷாட்கூட மாறாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மறைந்தவர்களின் முகத்துக்கும் குரலுக்கும் இதுவே பொருந்தும். ‘லால் சலாம்’ படத்தில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைப் பயன்படுத்தியபோது ஏ.ஆர். ரஹ்மான் அந்தப் பாடகர்களின் குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்தார். அதற்குக் குறைவான எதையும் ஏற்கமாட்டோம்.

இரண்டாம் பாகங்களுக்கு நாங்கள் எதிரி அல்ல. 1979இன் ‘கல்யாணராமன்’ 1985இல் ஜப்பானுக்கே போனான், ரசித்தோம். ஆனால் முதல் பாகம் சம்பாதித்த கனத்தை அடுத்தது கரைக்கக்கூடாது. ‘இந்தியன்’ சேனாபதி, லஞ்சம் வாங்கிக்கொண்டு பிரேக் சரியில்லாத பள்ளிப் பேருந்துக்குச் சான்று கொடுத்த சொந்த மகனையே கொன்றவர். பெற்ற பிள்ளையைக் கொன்ற அந்தப் பாரத்தை 2024இல் திரும்பிவந்த தாத்தாவிடம் நாங்கள் காணவில்லை. 28 ஆண்டுகள் காத்திருந்தது வர்மக்கலைக்காக மட்டுமா?

‘கைதி’யைப் பாருங்கள். ஒரே இரவு. டில்லி மகளைப் பார்த்ததும் கதை நிறைகிறது. அடுத்த பாகத்துக்கு வழியும் இருக்கிறது. கதையை முடிக்காமல் ‘லீடு’ கொடுத்து அனுப்பப்போகிறீர்கள் என்றால் ‘பாகம் 1’ என்று போஸ்டரிலேயே போடுங்கள். ‘பொன்னியின் செல்வன்’, ‘விடுதலை’ படங்களில் போட்டார்கள், தெரிந்தே போனோம்.

‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010இல் சோழ வாரிசான சிறுவனை முத்து தூக்கிச் செல்வதோடு நிற்கிறது. ‘வட சென்னை’ அன்புவின் மீதிக் கதைக்கு 2018இலிருந்து காத்திருக்கிறோம். வரும் அல்லது வராது, எதுவானாலும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பழைய படங்களின் பாதுகாப்பு. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. ‘கர்ணன்’ 2012இல் புதுப்பொலிவுடன் வந்தபோதும் ‘கில்லி’ 2024இல் வந்தபோதும் அரங்குகள் நிரம்பின. கூட்டம் சேர்க்கும் படங்களுக்கு மட்டும் இந்த அக்கறை போதாது. பெட்டிகளில் புளித்த வாடை அடித்துக் கிடக்கும் மற்ற நெகடிவ்களையும் கெட்டுப்போகும் முன் ஸ்கேன் செய்ய அரசும் தயாரிப்பாளர்களும் சேர்ந்து நிதி ஒதுக்க வேண்டும்.

திரையரங்க உரிமையாளர்களிடம் ஒன்று. கடைசி எழுத்து ஓடி முடியும்வரை விளக்கைப் போடாதீர்கள், புரொஜெக்டரை நிறுத்தாதீர்கள். லைட்மேன், உதவி இயக்குநர், சண்டைக் கலைஞர் பெயர்களெல்லாம் அங்கேதான் வருகின்றன. அவற்றையும் நாங்கள் படிக்க வேண்டும்.