மனிதரைக் காணாத பயணங்கள்

நம்மவர் இப்போது நிறையப் பயணம் செய்கின்றனர். உம்ராவுக்குச் செல்வோர் கெய்ரோவையோ இஸ்தான்புல்லையோ பார்த்துத் திரும்புகின்றனர், அல்ஹம்துலில்லாஹ். திரும்பியதும் எழுதவும் செய்கின்றனர். அவற்றைப் படிக்கையில்தான் நமக்குச் சோர்வு தட்டுகிறது. மினாராவின் உயரம் இருக்கும். விடுதியின் வாடகையும் இருக்கும். அந்த ஊர் மனிதர் ஒருவர்கூட இருக்கமாட்டார். உடன்சென்ற தாய்மார்களோ, முன்பின் அறியாத மூதாட்டி ஒருத்தி தம் கையைப் பற்றித் துஆச் செய்ததை அண்டை வீட்டில் சொல்லிச் சொல்லி மகிழ்கின்றனர். எழுத உட்காரும் ஆண்மக்களுக்கு அது பொருட்டாகத் தோன்றவில்லை போலும்!

மொழி தெரியாதே என்பர். இந்தச் சாக்கை நாம் ஏற்பதற்கில்லை. 1325-இல் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவுக்குத் துருக்கி மொழி தெரியாது. பின்னர் அனத்தோலியாவில், இன்று தெனிஸ்லி எனப்படும் லாதிக் நகரின் கடைவீதியில் அவர் நுழைந்தபோது, சிலர் ஓடிவந்து குதிரைகளின் கடிவாளத்தைப் பற்றினர். வேறு சிலர் வந்து அவர்களோடு மோதினர், கத்தியும் உருவப்பட்டது. கொள்ளையரிடம் சிக்கினோம் என்றே அவர் அஞ்சினார். அரபி அறிந்த ஹாஜி ஒருவர் வந்து விளக்கிய பிறகுதான் செய்தி புரிந்தது. அவர்கள் 'அகீ' எனப்படும் இரு சகோதரக் குழுவினர். முஸாபர்களை உபசரிப்பதைக் கடமையாகக் கொண்டவர்கள். விருந்தாளி யாருக்கு என்பதற்கே அத்தனை சண்டை! சீட்டுப்போட்டுத் தீர்த்துக்கொண்டனர். தாம் அஞ்சியதையும் தவறாக எண்ணியதையும் அவர் மறைக்கவில்லை.

அவர் கட்டடங்களை வருணிக்கவில்லையா? திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசலை விரிவாகவே வருணித்தார். ஆனால் அதே நகரின் சந்தில் சீனப் பீங்கான் தட்டைக் கைதவறி உடைத்துவிட்டு நின்ற அடிமைச் சிறுவனையும் அவர் விடவில்லை. சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு, பாத்திரங்களுக்கென இருந்த வக்பின் பொறுப்பாளரிடம் போகும்படி ஒருவர் கூறினார். வேறு தட்டு வாங்கப் பணம் கிடைத்தது. எசமானின் அடிக்கு அச்சிறுவன் தப்பினான். உடைந்த பாத்திரத்துக்கும் வக்பு வைத்த ஊர் அது என்பதை எந்தப் பளிங்குத் தூண் நமக்குச் சொல்லும்?

மனிதர் மறைவர், கல்லே நிலைக்கும் என்று வாதிடுவோரும் உண்டு. ஹலபு நகரப் பெரிய பள்ளிவாசலின் மினாரா 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. சிரியப் போரில், 2013 ஏப்ரலில் அது இடிந்து விழுந்தது. அதன் உயரம் எத்தனையோ ஏடுகளில் இருக்கிறது. அதன் நிழலில் பயணிகளுக்குத் தேநீர் நீட்டியவர் யார், அவர் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதிவைத்தவர் நம்மில் எவர்?